ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் மூன்று நிமிடம்

பதினெட்டு வருடம் பஸ் ஓட்டியும் ஒரு தடவைகூட ஹாரனை அழுத்தாதவள் என்பதால், டிப்போவில் அவளுக்கு ஹாரனக்கா என்று பெயர் வைத்திருந்தார்கள். தெருவை மறித்துக்கொண்டு இரண்டு பேர் கதை பேசிக்கொண்டிருந்தாலும் அவள் வண்டியை நிறுத்தி, ஸ்டியரிங் மேல் கையை வைத்தபடி காத்திருப்பாள். "கத்தினா மட்டும் சீக்கிரமா முடிச்சிடுவாங்களா? பேச்சு சுவாரசியமா இருக்கு போல," என்பாள்.

ஓடி வருகிறவர்களை விட்டுவிட்டுப் போகவும் அவளுக்கு மனசு வராது. பக்கக் கண்ணாடியில் ஒரு பை அசைந்தால் போதும், மூடிய கதவு மறுபடி திறக்கும். அதனால் பதினாலாம் எண் தடத்தில் அவளுடைய பஸ் எப்போதும் லேட். அந்தத் தடத்து ஜனங்களுக்கு அவளைப் பிடித்துப்போனதற்கும் அதுதான் காரணம்.

காலை முறித்துக்கொண்டதுகூட ரோட்டில் இல்லை. டிப்போவில் பஸ் கழுவும் இடத்தில், சோப்புத் தண்ணீரில் வழுக்கி விழுந்தாள். இடது முழங்கால். இரண்டு ஆபரேஷன் ஆகியும் அது பாதிக்கு மேல் மடங்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. இடது கால்தான் கிளட்ச் மிதிக்கும் கால். ஒரு நாளைக்கு எத்தனை நூறு தடவை மிதிப்பாள் என்று அதுவரை அவள் யோசித்ததே இல்லை. "கால் நடக்க உதவும். பஸ் ஓட்ட உதவாது," என்று டாக்டர் சொன்னபோதுதான் யோசித்தாள்.

உதவித்தொகை அலுவலகத்தில் மூன்றாம் நம்பர் கவுன்டரில் ஒரு அம்மா இருந்தார். மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். அவர் ஹாரனக்காவின் காகிதங்களை எல்லாம் நிதானமாகப் படித்துவிட்டுக் கேட்டார்: "படிக்கிறீங்களா?"

"எதைங்க?"

"எதையாவது. உங்களுக்கு ரெண்டு வருஷம் உதவித்தொகை வரும். அந்த ரெண்டு வருஷத்துல உக்காந்து செய்யற வேலைக்கு ஒரு படிப்பு படிக்கலாம். மூணு மாசத்துக்கு ஒரு தடவை வகுப்புக்குப் போன சீட்டைக் கொண்டுவந்து காட்டணும். அவ்வளவுதான்."

ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் அவள். அந்தக் கவுன்டரில் வைத்து அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. சொல்லாமலும் முடியாது, படிவத்தில் கட்டம் கட்டிக் கேட்டிருந்தார்கள்.

முதல் மாதப் பணம் வந்த அன்று அவள் கடைத்தெருப் பக்கமே போகவில்லை. ஊரே தன்னைப் பார்த்து முணுமுணுக்கும் என்று தோன்றியது. வீட்டுக்காரர் தையற்காரர், முன்னறையில்தான் மெஷின். அவர் ஒரு திரைச்சீலைக்கு ஓரம் அடித்துக்கொண்டே, "என்ன டிரைவரம்மா, மூஞ்சி தொங்கிப்போயிருக்கு?" என்றார்.

"உழைக்காம வர்ற காசுங்க. கை கூசுது."

"பதினெட்டு வருஷமா உன் சம்பளத்துல மாசாமாசம் பிடிச்சாங்களே, அது எங்க போச்சுன்னு நினைச்ச? இத்தனை நாளா ஊரைச் சுத்திட்டு இப்ப நம்ம ஸ்டாப்புக்கு வந்திருக்கு. சர்க்குலர் பஸ்ஸு. ஏறிக்க."

அவள் சிரித்தாள். ஆனாலும் கடைக்கு அவரைத்தான் அனுப்பினாள்.

போக்குவரத்துத் திட்டமிடல் என்று ஒரு படிப்பு இருந்தது. பஸ் எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், எங்கே எத்தனை நிமிடம் நிற்க வேண்டும், எத்தனை வண்டி வேண்டும் என்று அட்டவணை போடக் கற்றுத்தரும் படிப்பு. முதல் நாள் அவள் ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு வகுப்பறைக்குள் நுழைந்ததும், உள்ளே இருந்த இருபது பிள்ளைகளும் எழுந்து நின்று "குட் மார்னிங் மேடம்" என்றார்கள். அவள் பதறிப்போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். பிள்ளைகள் சிரித்தார்கள். ஒரு வாரத்துக்குள் அவளை அவர்களே முதல் பெஞ்சுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

வீட்டில் சாப்பாட்டு மேசையின் ஒரு பக்கம் அவள், எதிர்ப்பக்கம் மேல்நிலை வகுப்பு படிக்கும் மகள். இரண்டு பேருக்கும் ஒரே விளக்கு, ஒரே அழிரப்பர்.

"மா, மைனஸும் மைனஸும் பெருக்கினா பிளஸ்மா. எத்தனை தடவை சொல்றது?"

"ரிவர்ஸ்ல போயிட்டு இருக்கற வண்டியில இன்னொரு ரிவர்ஸ் போட்டா முன்னாடி போயிடுமாடி?"

"போகாது. கியர் பாக்ஸ் போயிடும்," என்று முன்னறையிலிருந்து தையற்காரர் குரல் கொடுப்பார்.

"ரெண்டு பேரும் உருப்பட மாட்டீங்க," என்று மகள் தலையில் கை வைத்துக்கொள்வாள். பிறகு பொறுமையாக மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பாள்.

இப்படித்தான் இரண்டு வருடமும் போனது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அவள் வகுப்புச் சீட்டைக் கொண்டுபோய்க் காட்டுவாள். கவுன்டர் அம்மா கண்ணாடியை எடுத்து மாட்டி, மதிப்பெண்ணையும் பார்த்து, "போன தடவையைவிட ஆறு கூட," என்பார். மதிப்பெண்ணைப் பார்ப்பது அவர் வேலையே இல்லை. பார்த்தார்.

படிப்பு முடிந்த மாதமே டிப்போ மேலாளர் கூப்பிட்டுவிட்டார். அதிர்ந்து பேசாத மனிதர். அட்டவணை போடுகிறவர் வேலையை விட்டுப் போய்விட்டார், அந்த நாற்காலி காலியாக இருக்கிறது என்றார்.

கவுன்டர் அம்மா விவரத்தைச் சொன்னார். "வேலையில சேர்ந்ததுல இருந்து தொண்ணூறு நாளைக்கு உங்க ஃபைல் திறந்தே இருக்கும். அதுக்குள்ள முடியலைன்னா ஒரு வார்த்தை சொல்லுங்க, இன்னும் ஒரு வருஷத்துக்கு உதவித்தொகையை நீட்டிச்சுத் தரலாம். தொண்ணூறாவது நாள் இந்தப் படிவத்துல கையெழுத்துப் போட்டுட்டா, ஃபைலை மூடிடுவோம். அப்புறம் வேணும்னா முதல்ல இருந்துதான். டாக்டர், ஸ்கேன், வரிசை, எல்லாம்."

அந்தக் கடைசி வாக்கியத்தை அவள் வீடு வரை திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டே போனாள். வாங்கக் கூசிய கைதான். ஆனால் இரண்டு வருடத்தில் அது பழகிவிட்டது. மாதம் பிறந்தால் அது வரும், யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். வேலை அப்படியா? முழங்கால் மறுபடி வீங்கினால்? கணக்கில் கோட்டை விட்டால்? மகள் கல்லூரிக்குப் போகிற வருடம் வேறு. தையல் மெஷின் ஒன்றை நம்பி மூன்று பேர் எப்படி ஓட்டுவது?

இருந்தாலும் போனாள். பதினாலாம் எண் தடத்துக்குத்தான் முதலில் அட்டவணை போடச் சொன்னார்கள். அவள் முகமெல்லாம் மலர்ந்துபோனது. அந்தத் தடத்தில் இருபத்திரண்டு நிறுத்தம். கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். இந்த இடத்தில் கூடையோடு ஏறுவார்கள், ஒரு நிமிடம். அந்த இடத்தில் படி உயரம், ஒரு நிமிடம். பெயின்ட் கடைக்குப் பக்கத்தில் ஓடி வருவார்கள், முக்கால் நிமிடம். பார்த்துப் பார்த்துப் போட்டாள். ஐம்பது நிமிடப் பயணம் அறுபத்தெட்டு நிமிடம் ஆனது. மேலாளர் அவள் மேல் இருந்த நம்பிக்கையில் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

டிப்போவில் ஒரு விதி உண்டு: அட்டவணையில் இருக்கும் நேரத்துக்கு முன்னால் எந்த நிறுத்தத்திலிருந்தும் வண்டியை எடுக்கக் கூடாது. ஹாரனக்கா போட்டது ஹாரனக்கா ஓட்டும் பஸ்ஸுக்கான நேரம். அவளைப் போல ஓட்ட அந்த டிப்போவில் வேறு ஆளே இல்லை. மற்றவர்கள் கதவைத் திறந்தார்கள், ஏற்றினார்கள், மூடினார்கள், கடிகாரத்தைப் பார்த்தார்கள். இன்னும் நேரம் இருந்தது. நின்றார்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஆளே இல்லாமல் பஸ் சும்மா நின்றது. உள்ளே இருந்தவர்கள், "என்னப்பா, டிரைவர் தூங்கிட்டாரா?" என்றார்கள். பாதி ஓட்டுநர்கள் விதியை மதித்தார்கள். பாதிப் பேர் போங்கடா என்று எடுத்துக்கொண்டு போனார்கள். அதனால் இரண்டாம் நாள் காலை ஒன்பது மணிக்கு, ஆஸ்பத்திரி வளைவில் மூன்று பதினாலாம் எண் பஸ்கள் ஒன்றின் பின்னால் ஒன்றாக, கல்யாண ஊர்வலம் மாதிரி நின்றன.

ராக்கெட் என்று பெயர் வாங்கிய இளவட்ட ஓட்டுநர் ஒருவன் மதியம் அவள் அறைக்குள் எட்டிப் பார்த்தான். "அக்கா, பஸ்ஸை ஓட்டச் சொன்னீங்களா, காவல் காக்கச் சொன்னீங்களா?"

வெளியே நின்றவர்கள் சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள். காது மட்டும் சூடாக இருந்தது.

நாலாம் நாள் மேலாளர் அவளுடைய அட்டவணையைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டுப் பழையதை ஒட்டினார். "முதல் தடவைதானே. பார்த்துச் செய்யலாம்மா," என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது அவளுக்கு.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் மெஷினுக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். "எனக்கு இது சரிப்படாதுங்க. இன்னும் ஐம்பது நாளுக்கு மேல இருக்கு, ஃபைல் திறந்துதான் இருக்கு. நாளைக்கே போய் அந்த அம்மாகிட்ட சொல்லிடப் போறேன்."

அவர், போம்மா இதுக்கெல்லாமா என்று உசுப்புவார், மல்லுக்கு நிற்பார் என்று எதிர்பார்த்தாள். அவர் ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே, "விட்டுடு," என்றார்.

"என்னது?"

"விட்டுடுன்னேன். இந்த ரெண்டு வருஷமா நான் தைப்பேன், நீ படிப்ப. நடுவுல ஏதாவது கேப்ப. டீ போட்டுத் தருவ. இப்ப நீ போனதுல இருந்து இந்த ரூம்ல மெஷின் சத்தம் மட்டும்தான். ரேடியோ வாங்கலாமான்னு பார்க்கறேன்." கொஞ்சம் நிறுத்தி, "எனக்கு வசதியா இருக்கறதைச் சொல்றேன். உனக்கு எது சரின்னு கேட்டா, அது வேற," என்றார்.

"சரி, கேக்கறேன். எனக்கு எது சரி?"

"அதை என்கிட்ட கேக்காத. நான் ஒரு பக்கமா சாஞ்சு நிக்கறவன்."

உள்ளேயிருந்து மகள் குரல் வந்தது: "மா, தப்பு எங்கன்னு பார்த்தியா? கணக்கு தப்பா, இல்ல கேள்வியே தப்பா புரிஞ்சுக்கிட்டியா? எனக்கு மட்டும் அதைத்தானே தினம் சொல்லுவ?"

ஹாரனக்கா பையிலிருந்து அட்டவணையை எடுத்து விரித்தாள். முதல் நிறுத்தத்திலிருந்து ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்தாள். இத்தனை வருடத்தில் பதினாலாம் எண் பஸ்ஸில் தான் ஒரு நாள்கூடப் பயணியாக ஏறியதில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

மறுநாள் காலை அவள் கவுன்டருக்குப் போகவில்லை. மேலாளரிடம் ஒரு வாரம் அனுமதி வாங்கிக்கொண்டு, நோட்டும் பேனாவுமாகப் பதினாலில் ஏறினாள். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் முதல் சீட். ஓட்டியது ராக்கெட்.

"என்னக்கா, என்னைப் பரீட்சை பண்ண வந்தீங்களா?"

"உன்னை இல்லடா, என்னை. நீ பாட்டுக்கு ஓட்டு."

பெயருக்கேற்றபடிதான் ஓட்டினான். ஆறு நிறுத்தத்தில் ஆள் ஏறி முடிப்பதற்குள் கதவு மூடியது. ஆனால் பெயின்ட் கடை நிறுத்தத்தில் எல்லாரும் ஏறிய பிறகும் கதவு திறந்தே இருந்தது. எதிர்ச் சந்திலிருந்து ஒரு பெயின்டர் இரண்டு வாளியோடு வந்தார். வாளிகளைத் தரையில் வைத்தார், ஒவ்வொன்றாகத் தூக்கி உள்ளே வைத்தார், பிறகு தானும் ஏறினார். ராக்கெட் வெளியே எங்கோ பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீகூடக் காத்திருக்கியேடா!"

"நான் எங்க காத்திருந்தேன்? அவரு தினம் வருவாருக்கா. ரெண்டு வாளியையும் தூக்கிட்டு எப்படி ஓடுவாரு?" என்று கோபமாகச் சொன்னான், திருடியதைக் கண்டுபிடித்துவிட்டது மாதிரி.

அடுத்த பஸ்ஸை ஓட்டியவர் பெயின்ட் கடையில் ஒரு நொடியும் தாமதிக்கவில்லை. அவர் நின்றது பள்ளிக்கூட வாசலில், ஒரு தலைப்பின்னல் பாதியில் அவிழ்ந்த சின்னப் பெண்ணுக்காக. அதற்கடுத்தவர் நூலக முனையில் நின்றார். அந்த வாரம் ஏறி இறங்கியதில் அவளுக்கு ஒன்று விளங்கியது. ஒவ்வொரு ஓட்டுநருக்கும் சொந்தமாக ஒரு நிறுத்தம் இருக்கிறது. அங்கே அவர்கள் சொல்லாமலே நிற்பார்கள், எப்படியோ நேரத்தையும் சரிக்கட்டிவிடுவார்கள். அதற்கெல்லாம் அட்டவணையில் இடம் ஒதுக்கத் தேவையில்லை. ஒதுக்கினால்தான் வம்பு.

ஆனால் ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் எவராலும் தப்ப முடியவில்லை, ராக்கெட் உட்பட. கட்டுப் போட்ட கால்கள், சக்கர நாற்காலிகள், ஒரு கையில் ஸ்கேன் கவரும் மறு கையில் அப்பாவுமாகத் தடுமாறும் மகன்கள். கால் முறிந்தபோதுகூட அவள் இந்த நிறுத்தத்தில் ஊன்றுகோலோடு ஏறியதில்லை. அப்போதெல்லாம் வீட்டுக்காரர் ஆட்டோவில் கூட்டிப்போனார். ஓட்டும்போதோ, எல்லா நிறுத்தத்திலும் காத்திருந்தவளுக்கு இது மட்டும் தனியாகத் தெரியாமல் போயிற்று. மூன்று நிமிடம் என்று குறித்தாள். சந்தையில் கூடைகளுக்கு இரண்டு.

கடைசி நிறுத்தத்தில் இறங்கியபோது, எதிர் பஸ்ஸை ஓட்டிவந்த பெண் கதவைத் திறந்ததும் கழிப்பறையைப் பார்த்து ஓட்டமாக ஓடினாள். போன வேகத்தில் திரும்பி வந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்தாள். அவள் இருக்கைக்குப் பக்கத்தில் தண்ணீர் பாட்டில், மூடிகூடத் திறக்காமல் நிறைந்தே இருந்தது. ஹாரனக்காவுக்கு அந்த பாட்டில் பழக்கம். பதினெட்டு வருடம் அவளும் மதியம் வரை தண்ணீர் குடித்ததில்லை. ஜனங்களுக்கெல்லாம் பார்த்துப் பார்த்து நிமிடம் ஒதுக்கியவள், ஓட்டுகிறவர்களுக்கு ஒரு நிமிடம்கூடப் போடவில்லை.

கடைசி நிறுத்தத்தில் இரண்டு நிமிடம் என்று எழுதி, கீழே அழுத்தமாக ஒரு கோடு போட்டாள்.

ஆக மொத்தம் ஏழு. அறுபத்தெட்டு நிமிடம் ஐம்பத்தேழு ஆனது. மேலாளர் இந்தத் தடவை கையெழுத்துப் போடும் முன் இரண்டு தரம் படித்தார். "கடைசில இந்த ரெண்டு எதுக்கும்மா?"

"தண்ணி குடிக்க, சார்."

"தண்ணி குடிக்க ரெண்டு நிமிஷமா?"

"குடிச்சா போக வேண்டாமா, சார்?"

மேலாளர் இருமிக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

புது அட்டவணை சுவரில் ஒட்டப்பட்டது. முதல் நாள் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் நாளும் சொல்லவில்லை. ஒரு வாரம் ஆகியும் புகார் வரவில்லை என்றால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். டிப்போவில் பாராட்டு என்று தனியாக ஒன்று கிடையாது. ஆனாலும் அவளுக்குத் துணிச்சல் வரவில்லை. ஒரு தடம் சரியாக வந்துவிட்டது, அதனாலேயே எல்லாம் சரியாகிவிடுமா? தொண்ணூறாவது நாள் நெருங்க நெருங்க அவள் காலண்டரைப் பார்ப்பதையே விட்டுவிட்டாள்.

அந்த நாள் வந்ததும் தையற்காரர் மெஷினுக்குத் துணியைப் போர்த்திவிட்டு அவளோடு கிளம்பினார். கவுன்டர் அம்மா படிவத்தை எடுத்து முன்னால் வைத்தார். "நல்லா யோசிச்சுப் போடுங்க. அவசரம் இல்லை. இன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும் நேரம் இருக்கு."

அவள் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பின்னால் வரிசையில் இருந்தவர் தொண்டையைக் கனைத்தார். தையற்காரர் காதருகில் குனிந்து, "போடாட்டியும் ஒண்ணும் குடி முழுகிடாது," என்றார்.

"சும்மா இருங்க."

அப்போது போன் அடித்தது. ராக்கெட்.

"அக்கா! சந்தைக்கு முன்னாடி ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்காங்க, தண்ணிக் குழாய் உடைஞ்சிடுச்சாம். நாலு பதினாலு நிக்குது. மேலாளரைக் கேட்டா அக்காவைக் கேளுங்கறாரு. என்ன பண்ண?"

"நீ எங்க நிக்கற?"

"நூலக முனையில."

"அப்படியே இடது பக்கம் திருப்பி, பின் தெரு வழியா ஆஸ்பத்திரிக்குப் போ. சந்தையில நிக்க முடியாதுல்ல, அந்த ரெண்டு நிமிஷம் உனக்கு மிச்சம். பின் தெரு சுத்து நாலு நிமிஷம். ரெண்டு கூட ஆகும். இரு." கவுன்டரில் கிடந்த ஒரு காலிக் கவரை இழுத்து, கையிலிருந்த பேனாவால் விறுவிறுவென்று எழுதினாள். "உனக்குப் பின்னாடி நிக்கறவங்களை மூணு மூணு நிமிஷம் விட்டு எடுக்கச் சொல்லு. ஒண்ணா போனீங்கன்னா மறுபடி ஊர்வலம்தான்."

"கடைசி ஸ்டாப்புல அந்த ரெண்டு நிமிஷத்தை எடுத்துக்கவா? சரியாயிடும்."

"கையை ஒடிப்பேன். அதைத் தொடாத. அது ஓட்டறவங்களோடது. லேட்டானா ஆகட்டும், சந்தையில இறங்க வேண்டியவங்களை நூலக முனையிலயே இறக்கி வழி சொல்லிட்டுப் போ. நான் பத்து நிமிஷத்துல வரேன்."

போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, படிவத்தை அருகே இழுத்தாள். எங்கே என்று கண்ணால் கேட்டாள். கவுன்டர் அம்மா விரலால் காட்டினார். போட்டாள். அதற்குக் கீழே இருந்த கட்டத்தையும் நிரப்பினாள். போனை வைத்துவிட்டு ஊன்றுகோலைத் தேடினாள், தையற்காரர் ஏற்கெனவே எடுத்து நீட்டிக்கொண்டிருந்தார்.

"ஒரு நிமிஷம், இருங்க," என்றார் கவுன்டர் அம்மா. கண்ணாடியை மாட்டிப் படிவத்தைப் பார்த்தவர், சிரிப்பை அடக்கிக்கொண்டார். "இந்தக் கட்டத்துல தேதி போடணும். நீங்க பத்து நாற்பத்திரண்டுன்னு மணி போட்டிருக்கீங்க."

தையற்காரர் எட்டிப் பார்த்துவிட்டு வாய்விட்டே சிரித்தார். "விட்டா எந்த நடைமேடைன்னும் எழுதியிருப்பா."

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு அதை அடித்துவிட்டுத் தேதியை எழுதினாள்.

"அடிச்ச இடத்துக்குப் பக்கத்துல இன்னொரு கையெழுத்து," என்றார் கவுன்டர் அம்மா. "இல்லைன்னா செல்லாது."

அந்த இரண்டாவது கையெழுத்தை அவள் நின்றுகொண்டே போட்டாள். போன் மறுபடி அடித்துக்கொண்டிருந்தது.